பெரட்டுக் களத்திலிருந்து பிள்ளையின் சட்டைப்பை வரை



பரிசளிப்பு விழா மலரில் பள்ளி வரலாறு எழுதுகிறவர்கள், கட்டடம் எழுந்த கதையையும் தலைமையாசிரியர்களின் வரிசையையும் எழுதுவது வழக்கம். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆனால் நான் இம்முறை ஒரு சிறு பொருளைப் பற்றி எழுத எண்ணினேன். அதன் நீளம் ஒரு சாண். அகலம் நாலு விரல். பிள்ளை அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. பாதி நாள் அது சட்டையோடு சேர்ந்து துவைபட்டுப் போகிறது. ஆம், பள்ளிக்கூடத்திலிருந்து வரும் அறிவிப்புத் துண்டைத்தான் சொல்கிறேன். "நோட்டீஸ்" என்று நாம் சொல்லுவோமே, அதுதான்.

"இதற்கெல்லாமா ஒரு வரலாறு?" என்று நீங்கள் சிரிக்கலாம். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். இந்தத் துண்டுக் காகிதத்தைக் காதில் வாங்கியதாலே நாட்டில் நிலைத்த குடும்பங்கள் உண்டு. காதில் வாங்காமல் விட்டதாலே கப்பலேறிய குடும்பங்களும் உண்டு. அதில் ஒன்று என் குடும்பத்தின் பாதி.

கோயில் மணியும் உபதேசியாரும்

நம்முடையதைப் போன்ற சிறிய கத்தோலிக்கத் தமிழ்ப் பள்ளிகள் இந்நாட்டில் எப்படித் தோன்றின? பாரீஸ் அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சுப் பாதிரியார்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்கிலும், மலாக்காவிலும், சிங்கப்பூரிலும் பணியாற்றி வந்தார்கள். அவர்களில் பலர் தமிழைக் கற்றுக்கொண்டு தமிழ் மக்களோடு தமிழிலேயே பேசினார்கள். 1882ஆம் ஆண்டில் ஃபே சுவாமியார் பேராக் மாநிலத்தின் கிரியான் வட்டாரத்தில், பாகான் செராயில், தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினார். காட்டைத் திருத்தி நிலத்தைக் கொடுத்து, குடும்பம் குடும்பமாக மக்களைக் குடியேற்றினார். அதே ஃபே சுவாமியார் 1896இல் மலாக்கா மறைமாவட்டத்தின் மேற்றிராணியாராக உயர்ந்தார். சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று லூர்து மாதா கோயில் 1888இல் எழுந்தது.

கோயில் எங்கே எழுந்ததோ, அதன் நிழலில் ஒரு பள்ளிக்கூடமும் எழுவது அக்காலத்து வழக்கம். பெரிய பட்டணங்களில் 1852 முதல் லசால் சகோதரர்களும் குழந்தை இயேசு சபைக் கன்னியர்களும் ஆங்கிலப் பள்ளிகளை நடத்தினார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாய்த்தவை பெரும்பாலும் சிறிய பள்ளிகளே. அத்தாப்புக் கூரை, நாலு பெஞ்சு, ஒரு கரும்பலகை, ஒரே வாத்தியார். அந்த வாத்தியார் பல இடங்களில் கோயில் உபதேசியாராகவும் இருப்பார். காலையில் பாடம், மாலையில் ஜெபம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஒத்தாசை என எல்லாம் அவர் தலையில்தான்.

அக்காலத்தில் பூசை லத்தீன் மொழியில் நடக்கும். பிரசங்கமும் அறிவிப்பும் மட்டும் தமிழில். கலியாணத்துக்கு ஓலை வாசிப்பது உங்களில் பலருக்குத் தெரியும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் செய்ய நிச்சயித்திருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர் தெரிவிக்க வேண்டும் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். அந்த ஓலை வாசித்து முடிந்ததும் பள்ளிக்கூடத்துச் செய்தி வரும். புதுநன்மைக்குப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும், தவக்காலம் வருகிறது, பள்ளிக்கு ஓட்டை விழுந்திருக்கிறது, அத்தாப்பு கட்ட ஆட்கள் வேண்டும் என்றெல்லாம் அங்கேதான் சொல்லப்படும்.

இதிலே ஒரு நல்ல அம்சம் உண்டு. ஒரு செய்தியை ஒரு முறை சொன்னால் மனிதன் கேட்கமாட்டான் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். மூன்று முறை சொல்லுவார்கள். முதல் ஞாயிறு தூங்கினவன் இரண்டாம் ஞாயிறு கேட்பான். இரண்டாம் ஞாயிறு வராதவனுக்கு அவன் பெண்சாதி மூன்றாம் ஞாயிறு கேட்டு வந்து சொல்லுவாள். படிக்கத் தெரியாதவரும் செய்தியை இழந்துவிடவில்லை. காது இருந்தால் போதும்.

பெரட்டிலே சொன்ன சேதி

கோயில் இல்லாத தோட்டங்களின் நிலைமை வேறு. சுவாமியார் மாதம் ஒரு முறை வந்தால் பெரிய காரியம். அங்கே செய்தி சொல்லும் இடம் பெரட்டுக் களம்தான். விடியாத நேரம்; தண்டவாளத் துண்டைத் தட்டியதும் லயத்து மக்கள் எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். கிராணியார் பெயர் வாசிப்பார். கங்காணி அதட்டுவார். வேலை பங்கிட்டு முடிந்தபின், "புள்ளைங்கள பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க" என்று ஒரு வார்த்தை வரும், வராமலும் போகும்.

தோட்டப் பள்ளிகள் தானாக முளைத்துவிடவில்லை. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், போதிய பிள்ளைகள் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்கும்படி உத்தரவிட அதிகாரிகளுக்கு இடமளித்தது. 1923ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தெளிவாகச் சொன்னது: 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால், அந்தத் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி ஏற்படுத்தியாக வேண்டும். சட்டம் வந்தது, பள்ளியும் வந்தது. ஆனால் எப்படிப்பட்ட பள்ளி? சில இடங்களில் கங்காணியே வாத்தியார். சில இடங்களில் கிராணியாருக்கு ஒழிந்த நேரமே பள்ளி நேரம். ஆயாக் கொட்டகையின் ஒரு மூலையே வகுப்பறை.

பிள்ளைகளை அனுப்பாத பெற்றோரைக் குறை கூறுவது சுலபம். அவர்கள் நிலைமையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். விடிகாலையில் தாயும் தகப்பனும் வேலைக்காட்டுக்குப் போய்விட்டால், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்பிள்ளை வேண்டும். மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் பையன் வேண்டும். அவன் கையும் சேர்ந்தால்தான் அந்த மாதம் கடைக்கடன் அடையும். "படிச்சி என்ன கிராணியாவா ஆவப் போறான்?" என்று கேட்டவர்களுக்கு, கிராணி ஆனவர்களை அவர்கள் பார்த்ததே இல்லை என்பதுதான் காரணம்.

ஆகவே பழைய வாத்தியார்கள் அறிவிப்போடு நிற்கவில்லை. பள்ளி விட்டதும் லயம் லயமாக நடப்பார்கள். வாசலில் நின்று, "ஏம்மா, மூணு நாளா புள்ளைய காணோமே" என்று கேட்பார்கள். ஒரு டம்ளர் கோப்பி குடித்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போவார்கள். கால்நடையாய் நடந்த அறிவிப்பு என்று அதைச் சொன்னால் மிகையாகாது.

யுத்த காலம்

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. சயாம் ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கொண்டுபோகப்பட்டதும், பலர் திரும்பாததும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட கதைதான். தகப்பன் போனான், தாய் நோயில் போனாள், பிள்ளை யாருடைய பிள்ளை என்று சொல்ல ஆளில்லை.

அந்த நேரத்தில் ஒரு பழைய புத்தகம் மக்களுக்கு உதவியது. கோயிலில் இருக்கும் ஞானஸ்நானப் பதிவேடு. பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தாய் தகப்பன் பெயர், ஞானத் தாய் தகப்பன் பெயர் யாவும் அதிலே மையினால் எழுதப்பட்டிருக்கும். சர்க்காரிடம் பிறப்பைப் பதியாத குடும்பங்களிலும் ஞானஸ்நானம் கொடுக்காத கத்தோலிக்கக் குடும்பம் அரிது. அதைப் போலவே பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் புத்தகமும். வாத்தியார் கேட்டு எழுதி வைத்த அந்த இரண்டு வரிதான், இந்தப் பிள்ளை இந்த மண்ணில் இத்தனை வயதோடு இருந்தது என்பதற்குப் பிற்காலத்தில் பல பேருக்குச் சாட்சியாக நின்றது. எழுதி வைத்தது எப்போது உதவும் என்று எழுதுகிறவனுக்கே தெரியாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் இந்த இடத்துக்கு வருவோம்.

கேட்டவரும் கேளாதவரும்

1948இல் அவசரகாலம் பிறந்தது. பன்னிரண்டு வயது நிரம்பிய அனைவருக்கும் அடையாளக் கார்டு வந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் மலாயா சுதந்திரம் பெற்றது. இங்கே பிறந்தவர்களும் நெடுங்காலம் வாழ்ந்தவர்களும் பிரஜையாகலாம் என்று அரசியலமைப்புச் சட்டம் வழி திறந்தது. இங்கே பிறந்தவர்கள் முதல் ஓராண்டுக்குள் மனுச் செய்தால் மலாய் மொழித் தேர்வு கூட இல்லை என்று சலுகையும் இருந்தது. இது எவ்வளவு பெரிய செய்தி! ஆனால் இது தோட்டத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது? ரேடியோ எல்லார் வீட்டிலும் இல்லை. பத்திரிகை வாங்கினவர்கள் சொற்பம். தொழிற்சங்கக்காரர்களும், வாத்தியார்களும், உபதேசியார்களும் வாயால் சொல்லித்தான் பல இடங்களில் பரவியது.

என் பாட்டி சொன்ன கதை இது. பூசை முடிந்து, ஓலை வாசித்து முடிந்து, பிரஜாவுரிமைப் பாரம் எழுத வாத்தியார் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பார், பிறப்புப் பத்திரம் உள்ளவர்கள் கொண்டு வரலாம், இல்லாதவர்கள் கோயில் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்ததாம். பாட்டி இந்த நாட்டிலே பிறந்தவர். தாத்தாவும் அவர் அண்ணனும் சிறு பிள்ளைகளாக இருந்தபோது ஊரிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். பட்டணத்துக்குப் போய் வர ஒரு நாள் ஆகும். ஒரு நாள் சம்பளம் போகும். பஸ்ஸுக்குக் காசு வேண்டும்.

பெரிய தாத்தா சிரித்தாராம். "பால்மரம் வெட்டறவனுக்கு எந்த சர்க்காரா இருந்தா என்ன? மரம் என்ன கார்டு கேக்குதா?" என்றாராம். பாட்டி மட்டும் விடவில்லை. மூன்று ஞாயிறு கேட்டவர் அல்லவா! தாத்தாவை நச்சரித்து, ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பஸ் ஏற்றி அழைத்துப் போய் மனுப் போட வைத்தார். அதன்பின் வாத்தியாரிடம் மாலையில் போய் நாலு வார்த்தை மலாய் படிக்க வைத்தார். ஒரு தடவையில் கிடைக்கவில்லை. அலைந்து அலைந்துதான் கிடைத்தது. 1960க்குப் பிறகு பிரஜைகளுக்கு நீலக் கார்டு, மற்ற நிரந்தரவாசிகளுக்குச் சிவப்புக் கார்டு என்று வந்தபோது, தம்பி கையில் நீலம். அண்ணன் கையில் சிவப்பு. இரண்டு பேரும் ஒரே லயம், ஒரே தீம்பார், ஒரே பால் ஸ்டோர். யாரும் வித்தியாசம் பார்க்கவில்லை, பத்து வருஷம் வரைக்கும்.

1968ஆம் ஆண்டில் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. பிரஜை அல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்பது அதன் சாரம். 1969 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சீட்டுக் கிடைக்காதவர்கள், கிடைக்குமோ கிடைக்காதோ என்று அஞ்சியவர்கள், வேலை போனவர்கள் என்று ஏறக்குறைய 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டை விட்டுப் போனதாகச் சொல்லப்படுகிறது. பெரிய தாத்தா 1970இல் ரஜுலா கப்பலில் நாகப்பட்டினம் போனார். பெரிய பாட்டியும், இங்கே பிறந்து இங்கேயே தமிழ்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மூன்று பிள்ளைகளும் கூடப் போனார்கள்.

நான் ஆசிரியப் பணிக்கு வந்தபின் ஒரு பழைய தோட்டப் பள்ளியின் அலமாரியைச் சுத்தம் செய்யும்போது அந்தக் காலத்துச் சேர்க்கைப் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்க்க நேர்ந்தது. "பள்ளியை விட்டு நீங்கிய காரணம்" என்று ஒரு கட்டம். அதிலே ஒரே கையெழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, "இந்தியாவுக்குத் திரும்பினார்" என்று எழுதியிருந்தது. பக்கத்துக் கட்டத்தில் பிறந்த ஊர்: இந்தத் தோட்டத்தின் பெயர்! பிறந்ததும் இங்கே, வளர்ந்ததும் இங்கே. கண்ணால் காணாத ஊருக்கு ஒரு குழந்தை எப்படித் "திரும்ப" முடியும்? எழுதிய வாத்தியாரைக் குறை சொல்லமாட்டேன். அந்தக் கட்டத்தில் எழுத அவருக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. நான் அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் வெளியே நின்றேன்.

சட்டம் செய்ததைச் சட்டம்தான் செய்தது. ஏழை மக்களின் அறியாமை மேல் எல்லாப் பழியையும் போடுவது நியாயமல்ல. முறையாக மனுச் செய்தும் கிடைக்காதவர்கள் ஏராளம். ஆனாலும் பெரிய தாத்தாவுக்கும் என் தாத்தாவுக்கும் இடையே இருந்தது ஒரு நாள் சம்பளம், ஒரு பஸ் பயணம், ஓர் அறிவிப்பு. கடைசி வரையிலும் பாட்டி இதைச் சொல்லும்போது, "நான் அவர் கையையும் புடிச்சி இழுத்திருக்கணும்" என்றுதான் முடிப்பார்.

காகிதம் வந்த காலம்

சுதந்திரத்துக்குப் பின் பள்ளிகளின் நிலை மாறியது. 1956இல் ரசாக் அறிக்கை, 1960இல் ரஹ்மான் தாலிப் அறிக்கை, 1961இல் கல்விச் சட்டம். 1962 முதல் ஆரம்பப் பள்ளியில் கட்டணம் இல்லை. மிஷன் பள்ளிகளும் தோட்டப் பள்ளிகளும் சர்க்காரின் உதவி பெறும் பள்ளிகளாயின; ஆசிரியர் சம்பளத்தைச் சர்க்கார் கொடுத்தது; நிலம் பல இடங்களில் கோயிலுக்கோ தோட்டத்துக்கோ சொந்தமாகவே நின்றது. இதே பத்தாண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடி முடிய, கோயிலிலும் லத்தீன் போய்ப் பூசை முழுவதும் தமிழாயிற்று.

சர்க்கார் வந்ததும் காகிதமும் வந்தது. 1975இல் பாடநூல் இரவல் திட்டம். 1979இல் துணையுணவுத் திட்டம். 1983இல் பள்ளிப் பால் திட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாரம். ஒவ்வொரு பாரத்துக்கும் ஒரு கடைசித் தேதி. ஒவ்வொரு தேதிக்கும் ஓர் அறிவிப்புத் துண்டு. ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தைச் சுற்றி, விரலெல்லாம் மையாகி அடித்த துண்டுகள் அவை. பிள்ளைகளின் சட்டைப்பைக்குள் செய்தி புகுந்தது இப்படித்தான்.

பாரத்தில் சம்பளம் எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டிருக்கும். சில பெற்றோர் வெட்கப்பட்டு நிரப்பாமல் விட்டார்கள். "நம்ம கஷ்டம் நமக்குள்ள இருக்கட்டும்" என்றார்கள். இன்னும் சிலருக்குப் படிக்கத் தெரியாது. மலாயில் இருந்தால் சுத்தமாகத் தெரியாது. கைநாட்டு வைத்து அனுப்பினார்கள். எதற்கு வைத்தோம் என்று கேட்கவில்லை. ஊசி போடும் நாள் என்று துண்டு வந்தால் மறுநாள் வகுப்பில் பாதி பேரைக் காணோம்! பல் நர்ஸ் வருகிறார் என்றால் சில வீரர்கள் செம்பனைக் காட்டுக்குள் ஒளிந்துகொண்டார்கள். அந்த வீரர்களில் சிலர் இன்று இந்த மண்டபத்தில் தகப்பன்மாராக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோயில் அறிவிப்பைப் பெரியவர்கள் நேரே கேட்டார்கள். காகித அறிவிப்பையோ பிள்ளை படித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. மாலையில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து, மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்க, தகப்பன் வெற்றிலை மென்றுகொண்டு கேட்ட காட்சி பல லயத்து வீடுகளில் நடந்தது. தமிழ்ப் பள்ளி அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுத்தது என்று கேட்கிறவர்களுக்கு இது ஒன்றே பதிலாகும். அந்த வீட்டுக்கு அவள்தான் கிராணி, அவள்தான் உபதேசியார்.

தோட்டம் கலைந்தபின்

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ப் பல இடங்களில் வீடமைப்பு வந்தது. லயங்கள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போயின. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று 530க்கும் குறைவு. மிஞ்சியவற்றில் பலவற்றில் 150 பிள்ளைகள் கூட இல்லை. பள்ளி ஓரிடத்தில், பிள்ளைகள் பத்து இடங்களில் என்று ஆகிவிட்டது.

இதனால் செய்திக்கு வந்த நஷ்டத்தை யாரும் கணக்கிடவில்லை. முன்பெல்லாம் ஒரு வீட்டுக்குச் சொன்னால் பத்து வீட்டுக்குத் தெரியும். குழாயடியில் பேசுவார்கள், மளிகைக் கடையில் பேசுவார்கள். இப்போது பதினான்காம் மாடியில் உள்ள தாய்க்குப் பன்னிரண்டாம் மாடியில் உள்ளவர் யாரென்று தெரியாது. 2003ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம் என்று சட்டம் ஆனது. அப்படியிருந்தும், பிறப்புப் பத்திரம் இல்லாமையால் பள்ளி வாசலில் நின்று தவிக்கும் பிள்ளைகளை இன்றைக்கும் காண்கிறோம். பெற்றோர் திருமணத்தைப் பதியவில்லை. பிள்ளை பிறந்ததைப் பதியவில்லை. பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது ஏழு வயதில் வந்து நிற்கிறது. பெரிய தாத்தாவின் கதை முடிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்.

2020 மார்ச் 18ஆம் நாள் கொரோனா தொற்றினால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டன. அன்றிலிருந்து செய்தி முழுவதும் கைப்பேசிக்குப் போயிற்று. தகப்பன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டால் அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியே இல்லை. அப்போது பல ஆசிரியர்கள் பயிற்சித் தாள்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். பழைய வாத்தியார் லயம் லயமாய் நடந்த அதே நடை! காலம் சுற்றிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்தது.

இப்போது வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு "இனிய காலை வணக்கம்" என்று பூப்படம் நாற்பது வருகிறது. அந்த நாற்பதுக்குக் கீழே ஆசிரியர் போட்ட ஒரு வரி அறிவிப்பு புதைந்து போகிறது. காகிதம் சட்டையோடு துவைபட்டது அந்தக் காலம். செய்தி பூவோடு புதைபடுவது இந்தக் காலம். அவ்வளவே வித்தியாசம்.

உங்களுக்குச் சில நினைவூட்டல்

வரலாறு சொல்லிவிட்டுச் சும்மா போகமாட்டான் வாத்தியார் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே பழைய உபதேசியாரைப் போல் நானும் ஓலை வாசித்துவிட்டுப் போகிறேன்.

1. பிள்ளை பிறந்தால் முதல் வேலை பிறப்புப் பத்திரம். பெயர் வைப்பது, காது குத்துவது, ஞானஸ்நானம் எல்லாம் அதற்குப் பின். பெயரின் எழுத்துகளைக் கவுண்டரிலேயே ஒரு முறை சரிபாருங்கள். இன்று தவறிய ஓர் எழுத்து பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு எடுக்கும்போது உங்களை அலைய வைக்கும்.

2. முதலாம் ஆண்டுப் பதிவை முன்கூட்டியே செய்யுங்கள். கணினி வழிப் பதிவு தெரியாதவர்கள் பத்திரங்களை எடுத்துக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்கு வாருங்கள். தெரியாது என்று சொல்ல வெட்கம் வேண்டாம். தெரியாததைச் சொல்லிக்கொடுக்கத்தானே பள்ளிக்கூடம்.

3. துணையுணவு, உதவி நிதி ஆகியவற்றின் பாரங்களை நிரப்பித் தேதிக்குள் அனுப்புங்கள். அது பிச்சையல்ல, உங்கள் பிள்ளைக்கென்று ஒதுக்கியது. நீங்கள் கேட்காவிட்டால் உங்கள் பிள்ளை பசியோடு பாடம் கேட்கும்.

4. பிள்ளை வராத நாளுக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். இரண்டு வரி போதும். புனித அன்னம்மாள் திருவிழா, தைப்பூசம் என்று குடும்பத்தோடு போகிறவர்கள் முன்னதாகவே வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். வருகைப் பதிவேட்டில் விழும் ஒவ்வொரு வட்டத்துக்கும் நாங்கள் காரணம் எழுத வேண்டும்.

5. நம் பள்ளி வாசலில் மாதா சொரூபம் இருக்கிறது. ஆனால் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்துக்கள். ஞானோபதேச வகுப்பு கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டுமே. நன்னெறிப் பாடம் முஸ்லிம் அல்லாத எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. சிலர் கேட்கத் தயங்குகிறார்கள் என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

6. குழுவில் வரும் அறிவிப்பைப் படித்ததும் "பார்த்தேன்" என்று ஒரு வார்த்தை போடுங்கள். பூப்படத்தைக் குறைத்துக்கொண்டால் ஆசிரியர்கள் உங்களுக்குக் கடமைப்பட்டவர்களாக இருப்போம்.

7. பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், தடுப்பூசிப் புத்தகம், தேர்ச்சி அறிக்கை யாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். என் பாட்டி ஒரு மைலோ டின்னில் வைத்திருந்தார். வெள்ளம் வந்தபோது நகையை எடுக்குமுன் அந்த டின்னைத்தான் எடுத்தார்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆசிரியர் கொடுக்கும் துண்டை இனிமேல் காகிதக் கப்பலாக மடிக்காதீர்கள். மடித்தது போதும், நம் மக்கள் ஒரு முறை கப்பலில் வந்தார்கள், இன்னொரு முறை கப்பலில் போனார்கள். வீட்டுக்குப் போனதும் புத்தகப்பையை வைக்குமுன் அம்மாவிடமோ அப்பாவிடமோ கொடுங்கள். அவர்களுக்கு நேரமில்லாவிட்டால் நீங்களே உரக்கப் படியுங்கள். ஒரு தடவை கேட்காவிட்டால் மூன்று தடவை படியுங்கள்.

பெற்றோர்களே! இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளைக் கைதட்டி வாழ்த்துகிறோம். மேடையில் ஏறாத பிள்ளைகளும் நம் பிள்ளைகளே. அவர்கள் எல்லாருடைய பெயரும் எங்கள் சேர்க்கைப் புத்தகத்தில் இருக்கிறது. "பள்ளியை விட்டு நீங்கிய காரணம்" என்ற கட்டம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அதிலே ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்றார் என்று மட்டும் எழுதும் பாக்கியத்தை எங்களுக்குக் கொடுங்கள். அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. இன்று இரவு பிள்ளையின் சட்டையைத் துவைக்கப் போடுமுன், அந்தப் பையில் ஒரு முறை கையை விட்டுப் பாருங்கள்.